வில்மா ஆன்ரி செய்த மொழிபெயர்ப்பு

நடுவில இருங்கோ பிள்ளை. ஓரத்தில இருந்தால் காத்து வரும் எண்டு எல்லாரும் நினைக்கிறது. இந்தப் படகு ஆடத் தொடங்கினால் ஓரத்தில இருக்கிற ஆள்தான் முதலில சத்தி எடுக்கும். நடுவில இருந்துகொண்டு, தூரத்தில கடலும் வானமும் முட்டுற இடத்தைப் பாருங்கோ. கண்ணை மூடக்கூடாது. ஓம், அப்பிடித்தான்.

தமிழ்ப் பிள்ளை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சன் எண்டோ? ஊறுகாய்ப் போத்திலைத் துவாயால சுத்திக் கைக்குழந்தை மாதிரி மடியில வைச்சிருக்கிறது வேற ஆர்? மதுரையோ, நல்லது. என்ர கதை உங்களுக்கு விளங்குதுதானே? விளங்காட்டிக் கேளுங்கோ, ஆறுதலாச் சொல்லுறன். நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம், புங்குடுதீவு. அதுவும் ஒரு தீவுதான். எங்கட ஊர் ஆக்கள் கடை போடாத இடம் உலகத்தில இல்லை. கொழும்பில போட்டம், பாரிசில போட்டம். கடைசியில நான் ஒருத்தன் ஒஸ்ரேலியாவில, குவீன்ஸ்லாந்துக் கரையில இருந்து இவ்வளவு தூரம் தள்ளி, இந்த ஹார்லோ தீவுக்கு வந்து சேர்ந்தன். சொந்தக் கடை இல்லை, ஊர்ச்சபையின்ர கடை. நான் மனேஜர். தீவுக்கே ஒரு கடைதான் எண்டபடியால் மனேஜருக்கு ஒரு மரியாதை இருக்கு. என்ர பேர் குலேந்திரன். அவையளுக்கு வாயில நுழையாது, ‘மிஸ்டர் கூல்’ எண்டு கூப்பிடுவினம். கூல் எண்டால் இங்கிலீஷில நிதானமான ஆள், பதட்டப்படாத ஆள். என்ர குணத்தைப் பார்த்துத்தான் வைச்சிருக்கினம்.

பல்லு டொக்டரோ, தீவுக் கிளினிக்குக்கோ, சரி. தீவில நல்ல சனம் பிள்ளை, பயப்படாமப் போங்கோ. இந்த நாட்டின்ர பூர்வீகச் சனம். ஒரே ஒரு ஆளோட மட்டும் கவனமா இருங்கோ. வில்மா எண்டு ஒரு மனிசி. முழுத் தீவும் வில்மா ஆன்ரி எண்டுதான் சொல்லும். என்னைவிட வயசு குறைவு, எண்டாலும் நானும் ஆன்ரி எண்டுதான் சொல்லவேணும், இல்லாட்டித் திரும்பிப் பாக்க மாட்டா. என்ர கடையைப் பாதி காத்து உடைச்சுது, மிச்சத்தை அவ காலி பண்ணினா. அதைச் சொல்லத்தான் போறன், இன்னும் நேரம் இருக்கு.

போன வருஷ மழைக்காலம். புயல் வருகுது, எல்லாரும் விளையாட்டு மண்டபத்துக்குள்ள வாங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். வில்மா ஆன்ரி எனக்கும் ஆள் விட்டா. நான் போகேல்லை. கடையில அவ்வளவு சாமான் கிடக்கு, விட்டுட்டுப் போறதோ? அரிசி மூட்டையளை ரெண்டு பக்கமும் அடுக்கிப்போட்டு மேசைக்குக் கீழ படுத்துட்டன். புயல் எண்டால் நாங்கள் பாக்காத புயலோ எண்டு நினைச்சன். பிள்ளை, நான் பாக்காத புயல்தான் அது. தேவாரத்தில எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் பாடி முடிச்சு, பிறகு தெரியாததையும் பாடினன்.

விடிஞ்சு எழும்பிப் பார்த்தால் தலைக்கு மேல நீல வானம். கூரை இல்லை. வலப்பக்கச் சுவர் முழுசா இல்லை. படகு கட்டுற ஜெட்டி இல்லை, கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை. கடையின்ர முன்கதவு மட்டும் ஒரு கீறல் இல்லாம சோக்கா நிக்குது. நான் என்ன செய்தன்? பொறுப்பான மனேஜர் என்ன செய்வானோ அதைத்தான் செய்தன். கதவை வடிவாப் பூட்டிப்போட்டு, ஒரு கதிரையைக் கொண்டந்து கதவுக்கு முன்னால போட்டுக்கொண்டு இருந்தன்.

சிரிக்காதேங்கோ. உங்களுக்கு அந்த நேரத்தில மூளை வேலை செய்திருக்குமோ?

இருந்துகொண்டிருக்கிறன், பின்னால என்னவோ சிலமன் கேக்குது. திரும்பிப் பார்த்தால் வில்மா ஆன்ரி. நாலைஞ்சு பொம்பிளையள் தள்ளுவண்டிலோட நிக்கினம், கடைக்கு உள்ள. பிரீசரைத் திறந்து இறைச்சி எல்லாத்தையும் வெளியில எடுக்கினம்.

“எப்பிடி உள்ள வந்தனீங்கள்?” எண்டன்.

“கதவு பூட்டிக் கிடந்தது, மிஸ்டர் கூல். அதால மற்றப் பக்கத்தால வந்தம்.”

“இது சபையின்ர சாமான். நான் அனுமதி தரேல்லை.”

“நான்தானே சபை” எண்டா. அதுவும் உண்மை, அவ சபையில மெம்பர். “கரண்ட் இல்லை. நாளைக்கு உந்த இறைச்சி நாறத் தொடங்கியிடும். சாப்பிடப்போறமோ, புதைக்கப்போறமோ? நீரே சொல்லும்.”

நான் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தன். சொல்லுறதுக்கு முதலே தள்ளுவண்டில் போய்ட்டுது. நானும் பின்னால போனன். கண்காணிக்கத்தான். அண்டைக்கு வெள்ளிக்கிழமை வேற, நான் வெள்ளியில மச்சம் மாமிசம் தொடுறேல்லை. விளையாட்டு மைதானத்தில எண்ணெய்ப் பீப்பாவை நீட்டுப்பாட்டில ரெண்டாப் பிளந்து அடுப்பில வைச்சிருக்கினம். அதுக்குள்ள மாட்டிறைச்சியைக் கொட்டி, உப்பும் வெங்காயமும் போட்டு, அவ்வளவுதான். பச்சைத்தண்ணியில அவிக்கினம். பிள்ளை, வெள்ளிக்கிழமையா இருக்கட்டும், மாடா இருக்கட்டும், ஒரு இறைச்சியை அப்பிடி அவமானப்படுத்திறதைப் பார்த்துக்கொண்டு நிக்கலாமோ? கடைக்கு ஓடிப்போனன். என்ர தங்கச்சி வறுத்து இடிச்சு அனுப்பின மிளகாய்த்தூள் ஒரு டின் நிறைய இருந்துது. கொண்டுவந்து கொட்டி, அகப்பையை வில்மா ஆன்ரியின்ர கையில இருந்து பறிச்சன். அவ விட்டுட்டா. பறிச்சன் எண்டுதான் நான் நினைச்சன், இப்ப யோசிச்சால் அவ அகப்பையை ஏற்கெனவே என்ர பக்கம் நீட்டிக்கொண்டுதான் நிண்டவ.

முழுத் தீவும் சாப்பிட்டுது. கண்ணால தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டினம். வீடில்லாத சனம், உடுப்பு எல்லாம் ஈரம், கூழாம்பாணி மாதிரிச் சேறு, அதுக்குள்ள நிண்டு ஒருத்தற்ற மூக்கு வடியிறதை மற்றவர் காட்டிக் காட்டிச் சிரிக்கினம். எனக்குச் சரியான கோபம். புயல் அடிச்ச மறுநாள் சிரிக்கிற சனத்தை எங்கயாவது கண்டிருக்கிறியளோ?

சிரிப்பு நிக்கவும் இல்லை. சபைத் தலைவர் கிளைவ் எண்டு ஒருத்தர், வில்மா ஆன்ரியின்ர தம்பி முறை. ஆள் மலை மாதிரி. அவற்ர கூரைத் தகரம் முழுக்கப் பறந்து போய், அவற்ர சொந்த அக்காவின்ர வளவுக்குள்ள விழுந்துட்டுது. அக்கா திருப்பிக் குடுக்கேல்லை. கடவுளாப் பார்த்து அனுப்பினது எண்டு எடுத்துத் தன்ர வீட்டுக்கு மேல அடிச்சுப்போட்டா. கிளைவ் என்ன செய்தார்? மனிசி பிள்ளையளோட பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டில இருந்திட்டார். “என்ர கூரை எங்கயோ அங்கதான் நான்” எண்டார். தலைவரே இப்பிடி எண்டால் மற்ற ஆக்களைப் பற்றிச் சொல்லவேணுமோ. கூரை உள்ள வீடெல்லாம் கூரை இல்லாத ஆக்களால நிரம்பி வழிஞ்சுது. ஆர் வீட்டில ஆர் படுக்கினம் எண்டு ஆருக்கும் தெரியாது. விடிய எழும்பி, பெடியள் கடலுக்குப் போவினம், பொம்பிளையள் சேத்துக்குள்ள இறங்கி நண்டு பிடிப்பினம், மற்ற ஆக்கள் விழுந்த மரத்தை அறுப்பினம். பொழுதுபட எல்லாரும் மைதானத்தில. சமையல் நான். மேற்பார்வை எண்டுதான் சொல்லவேணும், ஆனால் வெங்காயமும் நான்தான் வெட்டினன்.

ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கேக்க கேட்டன். “வில்மா ஆன்ரி, உங்கட சனத்துக்குக் கவலை எண்டால் என்னெண்டு தெரியாதோ?”

அவ நண்டைக் கழுவிக்கொண்டிருந்தா. தலை நிமிரேல்லை. “எங்கட பாட்டாமார் ஒரு ஊர்க்காரர் இல்லை. அங்க ஒருத்தர், இஞ்ச ஒருத்தர் எண்டு அரசாங்க ஆக்கள் ஒவ்வொரு பக்கத்தால பிடிச்சு, சங்கிலி போட்டு, கப்பலில ஏத்தி இந்தத் தீவில கொண்டந்து விட்டவை. அரசாங்கத்துக்கு எதிர்த்துக் கதைச்ச ஆக்கள், அனுமதி இல்லாமக் கலியாணம் கட்டின ஆக்கள், சும்மா கையில அம்பிட்ட ஆக்கள். ஒருத்தற்ற பாஷை மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் முடிஞ்சுபோகட்டும் எண்டுதான் கொண்டந்தவை.” கழுவின நண்டை என்ர சட்டிக்குள்ள போட்டா. “சனிக்கிழமை எங்களுக்கு மட்ச் இருக்கு. மேல்க்கரையும் கீழ்க்கரையும். ஒவ்வொரு வருஷமும் விளையாடுறது. அதுதான் இப்ப எனக்குள்ள கவலை, கீழ்க்கரைக்கு ஓடுறதுக்கு ஆள் போதாது.”

இப்பிடித்தான் கதைப்பா. ஒரு கேள்விக்கு நேரான மறுமொழி வராது.

அந்தக் கிழமைக்குள்ளதான் கப்பல் வந்தது. அரசாங்கக் கப்பல், பெரிசு. கரைக்கு வர ஏலாது, ஜெட்டி இல்லையே. வெளியில நிண்டுகொண்டு சின்னப் படகில ஒரு அதிகாரியை அனுப்பிச்சினம். நல்ல மனிசன், பொய் சொல்லக்கூடாது. வெள்ளைச் சப்பாத்தோட சேத்துக்குள்ள இறங்கி வந்தார். எல்லாரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டிச்சினம். நான் எல்லாருக்கும் முதல் போய்ட்டன், சூட்கேஸோட. ஓம், கட்டி ஆயத்தமாத்தான் போனன். கப்பலைக் கண்டவுடன எனக்குக் கை தானா உடுப்பு மடிக்கத் தொடங்கியிடும். அது எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம். வில்மா ஆன்ரி சூட்கேஸைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

அதிகாரி கதைச்சார். இஞ்ச தண்ணி சரியில்லை, கரண்ட் வரக் காலம் எடுக்கும், எல்லாரையும் ஏத்திக்கொண்டு போய் நகரத்தில ஒரு முகாமில நல்ல வசதியா வைச்சிருப்பம், திருத்தி முடிச்சவுடன கொண்டந்து விடுவம் எண்டார். “கொஞ்ச நாளைக்குத்தான்” எண்டார்.

அவ்வளவு நாளும் சிரிச்ச சனம், ஒரு சொல்லு இல்லை. அவர் திருப்பியும் சொன்னார், “உண்மையா, கொஞ்ச நாளைக்குத்தான்.”

அப்பதான் நான் கையைத் தூக்கினன்.

ஏன் தூக்கினன் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. கப்பலில பிரீசர் வசதி இருக்கோ எண்டு கேக்கத்தான் நினைச்சன். முன்னுக்குப் போய் நிண்டு கதைக்கத் தொடங்கினன். பிள்ளை, நான் அப்பிடி ஒரு பேச்சு வாழ்நாளில பேசினதில்லை. நல்ல இங்கிலீஷில, தட்டுத்தடுமாறாமல், அருவி மாதிரி வருகுது. நானே ஆச்சரியப்பட்டன். புங்குடுதீவை விட்டு நாங்கள் வெளிக்கிட்டதைச் சொன்னன். ஆமி வருகுது, கொஞ்ச நாளைக்குத்தான், சண்டை ஓய்ஞ்சவுடன வந்திடலாம் எண்டு எங்களுக்கும் சொன்னவை. அப்பா கடையைப் பூட்டினார். அம்மா அடுத்தநாள் தோசைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தவ. கொட்டச் சொல்லி அப்பா சொன்னார். அம்மா கொட்டேல்லை. “நாளைக்கில்லாட்டி நாளையிண்டைக்கு வந்திடுவம், ஏன் வீணாக்குவான்” எண்டு மூடிப்போட்டு வள்ளத்தில ஏறினவ. அம்மா பிறகு கொழும்பில இருந்தவ, மெல்பேர்னில இருந்தவ, எங்க இருந்தாலும் மழை பெய்தால் அந்த உளுந்தைப் பற்றிக் கதைப்பா. சாகுமட்டும் கதைச்சவ. அந்த உளுந்தை ஆர் அரைச்சது எண்டு நான் அந்த அதிகாரியைக் கேட்டன். நீர் சொல்லும் ஐயா, ஆர் அரைச்சது எண்டு கேட்டன். கண்ணுக்குள்ள தூசி போய்ட்டுது, மைதானம்தானே, காத்து.

பேச்சை நிப்பாட்டிப் பார்த்தால், முழு மைதானமும் என்னைப் பார்த்துக்கொண்டு நிக்குது. அதிகாரிக்கு முகம் ஒரு மாதிரிப் போய்ட்டுது. வில்மா ஆன்ரியைப் பார்த்து மெதுவாக் கேட்டார், “அவர் என்ன சொல்லுறார்?”

பிள்ளை, நான் பேசினது முழுக்கத் தமிழ். இங்கிலீஷ் எண்டு எனக்குத்தான் கேட்டிருக்கு. இதைக் கிளைவ் பிறகுதான் சொன்னார், நான் இண்டைவரைக்கும் முழுசா நம்பேல்லை, இடைக்கிடை இங்கிலீஷும் வந்திருக்கும்.

வில்மா ஆன்ரிக்குத் தமிழில ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு சொல்லுத் தெரியாது. எழும்பி, கவுணைத் தட்டிப்போட்டு, என்ர பக்கத்தில வந்து நிண்டா. நிண்டு அதிகாரிக்குச் சொல்லுறா:

“மிஸ்டர் கூல் சொல்லுறார், தான் வரமாட்டாராம். இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினமாம். நோய் வருத்தக்காரரையும் வயித்தில பிள்ளை உள்ள ஆக்களையும் மட்டும் கவனமாக் கூட்டிக்கொண்டு போய்க் கவனமாத் திருப்பிக் கொண்டந்து விடட்டுமாம். கப்பலில உள்ள தறப்பாள், ஜெனரேட்டர், தண்ணி வடிகட்டுற மெசின், பலகை, ஆணி எல்லாத்தையும் இஞ்ச இறக்கட்டுமாம். நாங்களே கட்டுவமாம். எங்களை முந்தி ஒருக்கா ஏத்தின கப்பல் இன்னும் திருப்பி ஏத்த வரேல்லையாம், அதை முதல் அனுப்பட்டுமாம்.” கொஞ்சம் மூச்சு விட்டுட்டு, “சாப்பாடு அடுப்பில இருக்குதாம், சாப்பிட்டுட்டுப் போகட்டுமாம்” எண்டா.

சனம் கத்தின கத்தில மரத்தில இருந்த காகம் எல்லாம் எழும்பிட்டுது. என்னைத் தூக்கிப்போட்டினம். உண்மையா, மேல தூக்கிப்போட்டினம், கிளைவ்தான் பிடிச்சார். மற்ற ஆக்கள் ‘மிஸ்டர் கூல் சொன்னதுதான் சரி’ எண்டு கத்துகினம். ஆனபடியால் பிள்ளை, அந்தத் தீவு இண்டைக்கு நிக்குது எண்டால் அது என்ர பேச்சால. இதை நான் பெருமைக்குச் சொல்லேல்லை.

அதிகாரி யோசிச்சார். கன நேரம் யோசிச்சார். கப்பலோட ரேடியோவில கதைச்சார், நகரத்தில உள்ள பெரிய ஆக்களோட கதைச்சார். ஒரு கட்டத்தில, “இது எந்தப் பாஷை?” எண்டு கேட்டார். வில்மா ஆன்ரி, “அவர் தீவுக்காரர்” எண்டா. பொய் இல்லைத்தானே. கடைசியில அவர், சரி, சாமானை எப்பிடி இறக்குவியள், ஜெட்டி இல்லையே எண்டார். திரும்பிப் பார்த்தால், தீவில மிஞ்சின வள்ளம் எல்லாம் ஏற்கெனவே கடலுக்குள்ள இறங்கியாச்சு. பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் பேச முதலே வள்ளத்தை இறக்கத் தொடங்கியிருந்தவையோ எண்டு. கேட்டன். கிளைவ் வேற பக்கம் பார்த்தார்.

கரையில இருந்து கழுத்தளவு தண்ணிமட்டும் சனம் வரிசையா நிண்டுது. கிழவர், பொம்பிளையள், பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாரும். பலகையும் ஆணிப்பெட்டியும் கைமாறிக் கைமாறி வருகுது. வில்மா ஆன்ரி எனக்குப் பக்கத்தில. என்ர கையில தண்ணிக் குழாயைத் தந்துகொண்டு கேட்டா, “அங்க என்னதான் சொன்னனீர்?”

சொன்னன். இங்கிலீஷில, இந்த முறை கவனமா. உளுந்து எண்டதுக்கு இங்கிலீஷ் தெரியாது, கறுப்புப் பருப்பு எண்டு சொன்னன். கடையைச் சொன்னன், அம்மாவைச் சொன்னன். அவ அடுத்த குழாயை எனக்குத் தராமல் வைச்சுக்கொண்டே நிண்டா. பின்னுக்கு நிண்ட சனம் கத்துது, அவ அசையேல்லை.

“பின்னை நான் சரியாத்தானே சொல்லியிருக்கிறன்” எண்டா.

என்ன சரி? நான் சொன்னதில ஒரு வசனம்கூட இல்லை. அதுதான் சொல்லுறன், கவனமா இருங்கோ எண்டு.

சனிக்கிழமை மட்ச் நடந்தது. பந்து முட்டை மாதிரி, அதைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு ஓடுறது. கோல் கம்பத்தைப் புயல் கொண்டுபோய்ட்டுது, பழைய ஜெட்டியின்ர இரும்பை நட்டிருந்தினம். மேல்க்கரையும் கீழ்க்கரையும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாது, அதால நடுவர் நான். விதி ஒண்டும் தெரியாது எண்டன். கிளைவ் சொன்னார், “எல்லாரும் கத்தினால் ஊதுங்கோ.” எல்லாரும் எல்லா நேரமும் கத்திச்சினம், நான் ஊதிக்கொண்டே ஓடினன். கீழ்க்கரைக்கு ஆள் போதாது எண்டு அந்த அதிகாரியை இறக்கிவிட்டினம். சப்பாத்து ரெண்டும் சேத்துக்குள்ள போய்ட்டுது, வெறுங்காலோட ஓடினார். நல்லா ஓடினார், ஆனால் பிழையான பக்கம். வில்மா ஆன்ரி வெளியில நிண்டு எனக்குப் பேசின பேச்சுக்கு நான் அவவை மைதானத்தை விட்டு வெளியேத்தினன். ஏற்கெனவே வெளியிலதான் நிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்கு வந்திட்டா. நான் ஓட, அவ துரத்த, பந்தை விட்டுட்டு முழு மட்சும் எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டுது. ஆர் வெண்டது எண்டு இண்டைவரைக்கும் வழக்குக் கிடக்கு.

வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் கப்பலில போன ஆக்கள் எல்லாரும் திரும்பி வந்திட்டினம், ஒருத்தி ரெட்டைப் பிள்ளையோட வந்தவ. ஜெட்டியைக் கட்டி முடிச்சாச்சு. கடைக்குச் சுவர் வைச்சாச்சு. வில்மா ஆன்ரி சொல்லி அந்தப் பக்கமும் ஒரு கதவு வைச்சவை. எனக்கு விருப்பமில்லை.

இப்ப நான் எங்க இருந்து வாறன் எண்டால், மெல்பேர்னில மகன் வீட்டில இருந்து. மயூரன் எண்டு பேர், நல்ல பிள்ளை. ‘அப்பா, தனிய இருந்தது போதும், இனி எங்களோட வந்திருங்கோ’ எண்டு கூப்பிட்டவன். போனன். நல்ல வீடு, நல்ல கட்டில். இருந்தன், இருந்தன், ஒரு கிழமைக்கு மேல இருக்க ஏலேல்லை. ‘ஏனப்பா, உங்களுக்கு அங்க என்ன இருக்கு?’ எண்டு கேட்டான்.

அந்தா பாருங்கோ, கரை தெரியுது. சிவப்புக் கூரைதான் உங்கட கிளினிக். ஜெட்டியில சனம் நிக்குது, படகு வந்தால் எல்லாரும் வருவினம், வேலை இல்லாத சனம். நடுவில பச்சைக் கவுணோட, இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நிக்கிறது அவதான். இந்தக் கொலர் சரியா இருக்கோ ஒருக்காப் பாருங்கோ.

நன்றி.

மகனுக்கு என்ன சொன்னன் எண்டோ? உள்ளதைச் சொன்னன். “என்னட்டக் கேளாமல் அந்த மனிசி என்ர கடைக்குள்ள பூந்தவ. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கேல்லை. அதைக் கேக்கிறவரைக்கும் நான் அந்தத் தீவை விட்டு அசையிறதா இல்லை” எண்டன்.

“அவ கேப்பாவோ, அப்பா?” எண்டான்.

கேக்கவே மாட்டா, பிள்ளை. உயிர் போனாலும் கேக்க மாட்டா. அந்த விஷயத்தில எனக்கு அவவில முழு நம்பிக்கை இருக்கு.